கூதல்மலையில் மூச்சுவிட்ட ஜன்னல்கள்

கூதல்மலை நெஞ்சு ஆஸ்பத்திரியின் ஜன்னல்கள் மூச்சுவிடத் தொடங்கியது வைகாசி மாதத்தில் ஒரு நாள் காலை, கஞ்சி வாளி வார்டுக்குள் வந்த நேரத்தில் என்பதால், அதைப் பார்த்தவர்கள் எல்லாரும் கையில் தட்டோடுதான் பார்த்தார்கள், பார்த்துவிட்டுக் கஞ்சியையும் வாங்கிக்கொண்டார்கள், ஏனென்றால் அந்த ஊர்க் குளிரில் கஞ்சி ஒருமுறை ஆறிவிட்டால் அப்புறம் அதை மாடுகூட முகர்ந்து பார்க்காது. வார்டின் நீளத்துக்கும் ஒவ்வொரு கட்டிலுக்கும் மேலே ஒன்றாக வரிசையாய் இருந்த இரட்டைக் கண்ணாடி ஜன்னல்கள் மெல்ல வெளியே ஒரு சாண் அளவுக்குப் புடைத்தன, சற்று நின்றன, பிறகு அதே நிதானத்தோடு உள்ளே வந்து, படுத்திருந்தவர்களின் நெற்றிக்கு அருகே குழிந்து நின்று, மறுபடியும் வெளியே போயின. உடையவில்லை, சத்தமும் போடவில்லை.

முதலில் வாயைத் திறந்தவர் மலைப்பாதையில் முப்பது வருஷம் பஸ் ஓட்டிவிட்டு நெஞ்சுச்சளியோடு படுத்திருந்த டிரைவர் மரியசூசை.

"இதுல என்ன அதிசயம்? ரெண்டு கண்ணாடிக்கும் நடுவுல அடிவாரத்துல அடைச்ச காத்து. கீழ இருந்து சிப்ஸ் பாக்கெட்டு மேல வந்தா உப்பறதில்லையா?" என்றார்.

"உப்பறது சரி. திரும்பச் சுருங்குதே?" என்று கேட்டாள் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த நர்ஸ் லூர்தம்மாள்.

"அது கொஞ்சம் விவரமான காத்து போலிருக்கு" என்றார் டிரைவர். அத்தோடு அந்த விசாரணை முடிந்தது.

அந்த ஜன்னல்களுக்கு மரச்சட்டம் செய்தவள் மயிலாத்தாள். அடிவாரத்தில் அவளுக்கு ஒரு தச்சுப் பட்டறை இருந்தது. அவள் புருஷன் சென்னியப்பனும் கண்ணாடித் தொழில்தான். மணலைக் காற்றோடு பீச்சியடித்து, பூஜையறைக் கதவுக் கண்ணாடிகளில் குத்துவிளக்கும் தாமரையும் வரைகிறவன். மூக்கில் ஒரு ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு இருபது வருஷம் வரைந்தான். கண்ணாடிக்குப் போனது போக மிச்ச மணல் எங்கே போகும்? அவன் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இப்போது அவனால் ஒரு மூச்சில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேச முடியாது. 'தண்ணி குடு' என்பது பேச்சு. 'கொஞ்சம் சூடாத் தண்ணி குடு' என்பது மலையேறுகிற மாதிரி. ஒரு காலத்தில் சந்தைக்கடை முழுக்கக் கேட்கும்படி வாயடித்த மனுஷன் அவன்.

குளிர் நுழையாத ஜன்னல் வைத்தால் நோயாளிகளுக்கு நல்லது என்று ஆஸ்பத்திரி முடிவு செய்தபோது, புருஷன் படுத்திருக்கிற இடம் என்பதால் மயிலாத்தாள் அந்த வேலையை விழுந்தடித்துக்கொண்டு வாங்கினாள். என்ஜினியர் ஜெயசீலி அப்போதே சொல்லியிருந்தாள், இது சாதாரணக் கண்ணாடி இல்லை, நடுவில் அடைபட்ட காற்று வெயிலுக்கு விரியும், பனிக்குச் சுருங்கும், கண்ணாடி வளைந்துகொடுக்கும், அதனால் ஓரத்தில் இடம் விடுங்கள் என்று.

"ஏனுங்க மேடம், என்ற பட்டறைச் சட்டத்துல எறும்பு நொழஞ்சுதுன்னு இன்ன வரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்லீங்க. நெஞ்சுச்சளிக்காரங்க தலமாட்டுல கூதக்காத்துக்கு எடம் விடச் சொல்றீங்களே!" என்றாள் மயிலாத்தாள்.

சட்டம் முடிந்ததும் தன் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கிக் கண்ணாடிக்கும் மரத்துக்கும் நடுவே நுழைத்துப் பார்ப்பது அவள் வழக்கம். நுழைந்தால் அன்றைக்குப் பட்டறையில் யாருக்கும் நல்ல சோறு இறங்காது. அவளிடம் சட்டம் வாங்கியவர்களும் மயிலாத்தாள் முடி பார்த்த சட்டம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். ஆனால் ஆஸ்பத்திரி வேலைக்கு அவசரம் இருந்ததால் மற்ற ஜன்னல்களைப் பட்டறை ஆட்கள் செய்தார்கள், முடி என்ன, சுண்டுவிரலே நுழைகிற மாதிரி செய்து அவளிடம் வண்டி வண்டியாகத் திட்டு வாங்கினார்கள். சென்னியப்பன் கட்டிலுக்கு மேலே வரும் ஜன்னலை மட்டும் அவள் யாரையும் தொடவிடவில்லை. கண்ணாடியைச் சட்டத்தோடு அழுத்திப் பிடிக்கிற மரப்பட்டையை இரட்டையாகப் போட்டு, ஒரு ஸ்க்ரூ போடுகிற இடத்தில் இரண்டு ஸ்க்ரூ போட்டு முடுக்கினாள். ஆசை இருக்கிற இடத்தில்தானே ஸ்க்ரூவும் அதிகம் விழும்.

ஜன்னல்கள் மூச்சுவிட ஆரம்பித்ததும் ஊர் அதைத் தன் காரியங்களுக்குள் எடுத்துவைத்துக்கொண்டது. முதலில் தெரிந்தது என்னவென்றால், ஜன்னலுக்குக் கீழே படுத்தவர்கள் அதோடு சேர்ந்து மூச்சுவிட்டார்கள் என்பது. கண்ணாடி வெளியே போகும்போது நெஞ்சு தானாக விரிந்தது, உள்ளே வரும்போது தானாக இறங்கியது, பல வருஷமாய்த் தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்தே தூங்கியவர்கள் கால் நீட்டிப் படுத்தார்கள், அதில் இரண்டு பேர் குறட்டைகூட விட்டார்கள், விட்டதைக் கேட்டுப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் அழுதார்கள். அப்புறம் மூச்சிழுப்பு வந்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார் வந்து வெளிச்சுவர் ஓரமாக உட்கார்ந்தார்கள். பெருமாள் கோயிலில் நாதஸ்வரம் வாசிக்கிறவர் வந்து, கண்ணாடியைப் பார்த்தபடி ஒரு மூச்சில் எவ்வளவு நேரம் ஊத முடிகிறது என்று சாதகம் பண்ணினார். சந்தைக்கு வந்த பூண்டு வியாபாரிகள் மூட்டையை இறக்கிவிட்டு, மேடு ஏறி வந்த மூச்சு அடங்குகிற வரைக்கும் நின்றுவிட்டுப் போனார்கள். வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் வெளிப்பக்கமாக வந்து, கண்ணாடி நன்றாகப் புடைத்து நிற்கிற நேரம் பார்த்து அதன் வயிற்றில் குங்குமம் வைத்தார்கள், லூர்தம்மாள் ஈரத்துணியோடு வந்து அதைத் துடைத்தபடி அவர்களைத் திட்டினாள், பிறகு யாரும் பார்க்காதபோது தானும் ஒரு சிலுவை போட்டாள்.

நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து, ஜன்னல்கள் வெளியே புடைப்பது நடைபாதையை ஆக்கிரமிப்பதாகும் என்று சொல்லி டேப்பை நீட்டினார். அவர் அளக்கப் போகும்போதெல்லாம் கண்ணாடி உள்ளே போய்விட்டது. ஒரு டீ குடித்துவிட்டு மறுபடி அளந்தார், மறுபடியும் உள்ளே போனது. கடைசியில் அவரும் சுவரோடு சாய்ந்து நின்று நாலு மூச்சு இழுத்து விட்டுவிட்டு, நெஞ்சு லேசாகிவிட்டதென்று சொல்லிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார். எந்த ஜன்னல் நல்ல ஜன்னல் என்பதில் வார்டில் தகராறு வந்தது. தன் ஜன்னல்தான் ஆழமாக இழுக்கிறது என்றார் டிரைவர். எதிர்வரிசைக்காரர் அது மூச்சில்லை, கொட்டாவி என்றார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

சென்னியப்பனின் ஜன்னல் மட்டும் மூச்சு விடவில்லை. விடப் பார்த்தது. காலையில் வெயில் பட்டதும் அதன் நடுவில் ஒரு நடுக்கம் வரும், ஓரங்களில் மரம் கிறீச்சிடும், அத்தோடு நின்றுவிடும். சென்னியப்பனின் நெஞ்சும் அப்படித்தான், பாதி ஏறி அங்கேயே நிற்கும். சுற்றிலும் எல்லாரும் தேறிக்கொண்டுவர அவன் ஒருவன் மட்டும் மெலிந்துகொண்டு போனான். ஆனி போய் ஆடி வந்தபோது அவனால் ஒரு மூச்சில் ஒரு வார்த்தைதான் முடிந்தது. ஆவணியில் அதுவும் போய் விரல்தான் மிஞ்சியது. மயிலாத்தாள் அடிவாரத்திலிருந்து பஸ் ஏறி வந்து கட்டில் பக்கத்தில் நிற்கும்போதெல்லாம் அவன் விரலைத் தூக்கி ஜன்னலைக் காட்டினான்.

"குளுருதுங்களா மாமா? காத்து நொழையுதாக்கும். இருங்க" என்று சொல்லி அவள் பையிலிருந்து திருப்புளியை எடுத்து இன்னொரு ஸ்க்ரூ போட்டாள்.

அவன் தலையை அசைத்தான். அவள் இன்னொன்று போட்டாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். நிம்மதியாகிவிட்டது போல என்று அவள் நினைத்துக்கொண்டாள். அடுத்த முறை வந்தபோது விளிம்பைச் சுற்றிப் பசை பூசினாள். கூதக்காத்து எங்கிருந்து வருகிறதென்று கண்டுபிடிக்க, தலையிலிருந்து முடிமுடியாகப் பிடுங்கிக் கண்ணாடியைச் சுற்றி நுழைத்துப் பார்த்தாள். ஒரு இடத்திலும் நுழையவில்லை. அப்படியும் அவன் விரல் ஜன்னலைத்தான் காட்டியது. டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, சொந்தக்காரர்கள் யாராவது பார்க்க வேண்டியிருந்தால் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்று சொன்னார். அன்றைக்கு அவள் ஆஸ்பத்திரிக் குழாயடியில் நின்று, தண்ணீரை வேகமாகத் திறந்துவிட்டுக்கொண்டு, அழுகிற சத்தம் கேட்காதபடி அழுதாள். அவன் இல்லாமல் போனால் தான் என்ன ஆவோம் என்று அவளுக்குத் தெரியவில்லை, அந்தப் பயத்தில் அவள் கைக்குத் தெரிந்தது ஒரே ஒரு காரியம்தான், முடுக்குவது.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கட்டில்மேல் ஏறி நின்றாள். புது ஸ்க்ரூவுக்கு இடமில்லாததால், துருப்பிடித்த பழையது ஒன்றைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பெரிதாக ஒன்று போடலாம் என்று கழற்றினாள். அது கையோடு வந்ததும் கண்ணாடியின் அந்த மூலை ஒரு நூல் அசைந்தது. கீழே சென்னியப்பன் 'ஹா' என்று மூச்சை இழுத்தான். அவள் குனிந்து பார்த்தாள். ஸ்க்ரூவைத் திரும்ப வைத்து முடுக்கினாள். அவன் மூச்சு பாதியில் நின்றது. கழற்றினாள், இழுத்தான்.

மயிலாத்தாள் கட்டிலிலிருந்து இறங்கித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அட பாவி மகளே, நீதான்டி" என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்டாள். லூர்தம்மாள் ஓடிவந்து என்னவென்று கேட்டதற்குக் கையிலிருந்த ஸ்க்ரூவைக் காட்டினாள்.

அப்படியென்றால் எல்லா ஸ்க்ரூவையும் கழற்றிவிட்டால் தீர்ந்தது என்று நீங்கள் சொல்வீர்கள், அவளும் அப்படித்தான் நினைத்தாள். ஒரு பக்கம் முழுக்கக் கழற்றியதும் கண்ணாடி ஒரு பெரிய மூச்சை இழுத்து வெளியே புடைத்தது; நடுவில் புடைத்தால் ஓரம் உள்வாங்கும், உள்வாங்கிய ஓரம் காடியை விட்டு, அதாவது மரத்தில் அது உட்கார்ந்திருந்த பள்ளத்தை விட்டு, நழுவி வெளியே வந்துவிட்டது. சென்னியப்பன் படுத்திருந்த வரிசைக்கு வெளியே நடைபாதை கிடையாது, நேரே பள்ளத்தாக்கு. லூர்தம்மாளும் அவளும் பாய்ந்து பிடித்திராவிட்டால் கண்ணாடியும் அதற்குள் இருந்த காற்றும் கீழே தேயிலைக்குள் போயிருக்கும். மறுபடி ஸ்க்ரூக்களைப் போட்டு முடுக்குவதைத் தவிர வேறு வழி இல்லை. முடுக்கும்போது அவள் புருஷன் முகத்தைப் பார்க்கவில்லை. இறுக்கினால் அவன் போவான், விட்டால் கண்ணாடி போகும், கண்ணாடி போனாலும் அவன் போவான்.

ஜெயசீலிக்குப் போன் போட்டாள். மறுநாள் காலை ஜெயசீலி வந்துவிட்டாள்.

"நான் அப்பவே சொன்னேனே அக்கா" என்று ஒரே ஒருமுறை சொன்னாள்.

"சொன்னீங்க. நாந்தான் கேக்கல. இப்பச் சொல்லுங்க" என்றாள் மயிலாத்தாள்.

இரண்டு பேரும் வார்டுத் தரையில் உட்கார்ந்து சாக்கட்டியால் கோடு போட்டார்கள். கண்ணாடி புடைக்கும்போது ஓரம் எவ்வளவு உள்வாங்கும், எப்படிச் சாயும் என்று ஜெயசீலி வரைந்து காட்டினாள், இத்தனை மாசம் அடைபட்ட மூச்சுக்கு மற்ற ஜன்னல்களின் சட்டம் போதாது என்றாள். அப்படியென்றால் உள்வாங்கினாலும் நழுவாதபடி காடி ஆழமாக வேண்டும், சாய்ந்தாலும் இடிக்காதபடி அகலமாகவும் வேண்டும் என்று மயிலாத்தாள் பக்கத்தில் வரைந்தாள். ஆழமும் அகலமும் இருந்தால் கண்ணாடி லொடலொடவென்று ஆடுமே, காற்று நுழையுமே என்று கவலைப்பட்டாள் ஜெயசீலி. இரண்டு பக்கமும் மெத்தென்று எதையாவது வைக்க வேண்டும், அது தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், பிடிக்கக் கூடாது, கண்ணாடி போகும்போது கூடப் போய், வரும்போது கூட வர வேண்டும் என்றாள் மயிலாத்தாள். இத்தனை வருஷத்தில் ஒரு பொருளைப் பிடிக்காமல் நிறுத்துவது எப்படி என்று அவள் யோசித்ததே இல்லை.

மெத்தென்று எதை வைப்பது என்பதுதான் பெரும்பாடாகப் போனது. கடையில் வாங்கிய ரப்பர் பட்டை மலைக்குளிரில் விறைத்துக் கட்டையாகிவிட்டது. கம்பளியை மடித்து வைத்தார்கள், பனியைக் குடித்து ஊறிப்போனது. தேங்காய் நாரை முறுக்கி வைத்தார்கள், இரண்டு நாளில் நசுங்கிவிட்டது. எல்லாவற்றையும் கட்டிலில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்த டிரைவர் மரியசூசை, "என் செருப்பு இந்தக் குளுருல பத்து வருஷமா அமுங்கி அமுங்கி எந்திரிக்குது, அதக் கேளுங்க" என்று கட்டிலுக்குக் கீழே கையைக் காட்டினார். மயிலாத்தாள் அந்தச் செருப்பை எடுத்துக் குதிகால் பக்கத்தைக் கட்டைவிரலால் அமுக்கினாள். அமுங்கியது. எடுத்தாள். எழுந்துகொண்டது. புதுச் செருப்பு அப்படி இல்லை. நடந்து நடந்து பழகிய செருப்பின் குதிகால்தான் அப்படி.

சேதி ஊருக்குள் போனது. கூதல்மலைக்காரர்கள் யோசிக்கவில்லை, ஆளுக்கு ஒரு செருப்பின் குதிகாலை அரிவாள்மனையிலும் பிளேடிலும் அறுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தார்கள், பூண்டு வியாபாரிகள் வந்தார்கள், நாதஸ்வரக்காரர் வந்தார், இழுப்புப் பிள்ளைகளின் தாய்மார் வந்தார்கள், வெள்ளிக்கிழமைக் குங்குமக்காரர்கள் கொண்டுவந்த குதிகால்களை லூர்தம்மாள் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்தாள், அன்றிலிருந்து ஊர் முழுக்க ஒரு கால் உயர்ந்தும் ஒரு கால் தாழ்ந்தும் நடந்தது, வெளியூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள் இந்த ஊரில் எல்லாருக்குமே இடுப்பு வலி போலிருக்கிறது என்று பரிதாபப்பட்டுக்கொண்டு போனார்கள்.

மயிலாத்தாள் குதிகால்களை விரற்கடை அகலத்துக்கு அரிந்து, புதுச்சட்டத்தின் ஆழமான காடிக்குள் இரண்டு பக்கமும் உதடு மாதிரி ஒட்டினாள், கண்ணாடி உட்கார அடியில் தடிமனாய் இரண்டு துண்டு வைத்தாள், மூலைகளைச் சும்மா விட்டாள். வேலை முடிந்ததும் பழக்கத்தில் கை தலைக்குப் போனது. ஒரு முடியைப் பிடுங்கவும் செய்தாள். அதை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஊதிவிட்டாள்.

மாற்றுவதற்குப் புரட்டாசியில் வெயில் நன்றாக இருந்த ஒரு மத்தியான நேரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பழைய சட்டத்தைப் பிரித்துப் புதியதை வைக்கிற வரைக்கும் கண்ணாடி சும்மா நிற்க வேண்டும், கயிறு போட்டால் இறுகும், முட்டுக் கொடுத்தால் குத்தும். கையைத் தவிர வேறு எதுவும் ஆகாது என்று ஆனதால், உள்ளே நடக்க முடிந்த நோயாளிகளும் வெளியே பள்ளத்தாக்கு ஓரத்துச் சாரத்தில் ஏறிய ஊர்க்காரர்களுமாக நின்று, இரண்டு பக்கத்திலிருந்தும் உள்ளங்கைகளைக் கண்ணாடியின்மேல் வைத்தார்கள்.

"புடிக்காதீங்க சாமி! தாங்குங்க, போதும்!" என்று மயிலாத்தாள் கத்தினாள்.

கடைசி ஸ்க்ரூ கழன்றது. கண்ணாடி அத்தனை கைகளுக்கும் நடுவே புடைத்தது, வெளியே இருந்த கைகள் அதோடு பின்னால் போயின. குழிந்தது, உள்ளே இருந்த கைகள் அதோடு பின்னால் வந்தன. ஒரு கை இறுக்கினாலும் உடைந்துவிடும், ஒரு கை விலகினாலும் விழுந்துவிடும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது, ஆனாலும் யாருக்கும் பயமாக இல்லை என்று பிற்பாடு சொன்னார்கள். புதுச்சட்டத்தை ஜெயசீலி ஒரு பக்கம் தூக்க, மயிலாத்தாள் மறுபக்கம் ஏந்தி, கீழ் விளிம்பை முதலில் உட்காரவைத்து, பக்கங்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து சேர்த்தாள். ஒரு பக்கத்துக்கு இரண்டே ஸ்க்ரூ. இரண்டாவதை முடுக்கும்போது கை தானாக இன்னொரு சுற்றுக்குப் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு திருப்புளியை எடுத்துவிட்டாள்.

"கைய எடுங்க" என்றாள்.

எடுத்தார்கள். ஜன்னல் முதலில் ஒன்றும் செய்யவில்லை. பிறகு மெல்ல, மிக மெல்ல, வெளியே போயிற்று, ஒரு சாண் போயிற்று, அதைத் தாண்டியும் போயிற்று, ஓரங்கள் செருப்புக் குதிகால்களுக்குள் புரண்டு கொடுத்தன, கீழே சென்னியப்பனின் நெஞ்சு எழும்பியது, எழும்பிக்கொண்டே இருந்தது, சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்து விழுந்தது. ஜன்னல் உள்ளே திரும்பியபோது அவன் வாயைத் திறந்தான்.

"ரெண்டு மாசமா அந்த ஜன்னலக் காட்டிக் காட்டி வெரலே தேஞ்சு போச்சு, இறுக்காத இறுக்காதன்னு நாங் காட்டக் காட்ட நீ குளுருதாக்கும்னு போட்ட ஸ்க்ரூவ எடைக்குப் போட்டா ஒரு ஆட்டுக்குட்டி வாங்கலாம், திட்டோணும்னா மூச்சு வேணுமல்லோ, அதான் அத்தனையும் சேத்து வெச்சிருக்கேன், நீ கொண்டாற ரசத்துல மொளகு சாஸ்தி, உன்ற அண்ணன் ஊட்டு விருந்துல எனக்கு எலை போட மறந்தத நானு மறக்கல, அவனக் கண்டா சொல்லீரு, அப்பறம் பட்டறைல நீ எழைக்கறப்ப ஒதட்டக் கடிச்சுக்குவியே, அதப் பாக்கறதுக்குன்னே கல்யாணமான நாள்ல இருந்து வேலை வெட்டி இல்லாத மாதிரி வாசல்ல வந்து நிப்பேன், நீ பலகை புடிக்க வந்தேன்னு நெனச்சு ஒவ்வொருக்காவும் பலகையக் குடுத்துருவ, நானும் இருவது வருசமா பலகை புடிச்சேன், ஒருநாளாவது சொல்லியிருக்கோணும், மூச்சு இருந்த காலத்துல சொல்லத் தோணல, தோணின காலத்துல மூச்சு இல்ல, இனி நீ எங்கையும் போவேண்டாம், இங்கயே இரு, ஆனா கைய விடு, வலிக்குது!" என்றான் சென்னியப்பன், நடுவில் ஒரு இடத்திலும் நிறுத்தாமல், ஒரே மூச்சில்.

வார்டே திரும்பிப் பார்த்தது. அப்போதுதான் மயிலாத்தாள் தன் கையைப் பார்த்தாள். எப்போது இறங்கி வந்தாள், எப்போது அவன் மணிக்கட்டைப் பிடித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை, விரல்கள் வெளுத்துப்போகிற அளவுக்குப் பிடித்திருந்தாள். விரல்களைத் தளர்த்தினாள், கையை எடுத்துவிடவில்லை.

"இன்னுஞ் சொல்லுங்க மாமா" என்றாள்.